ஒன்றுபோல் இரண்டு டப்பா

அந்தத் தெருவில் என்னை எல்லோரும் டப்பாக்காரர் என்றுதான் சொல்வார்கள். காலையில் தெருமுனைக் குழாயடியில் சைக்கிளை நிறுத்தி, கேரியரில் கட்டியிருக்கும் ஐஸ் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கும்போதே எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்.

“டப்பாக்காரர் வந்துட்டாரு, புள்ளைய உக்கார வைடி.”

உட்கார்ந்த பிள்ளை வெளிக்குப் போக வேண்டும். போனதில் ஒரு கரண்டி எடுத்து, அதன் அம்மா சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். கரண்டி மூடியிலேயே ஒட்டியிருக்கும். அதை நான் சூடு படாமல் வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் இதுதான் என் பிழைப்பு. அதை நன்றாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தொண்ணூறுகளில் கழிவுநீர் வழக்கு வந்து சின்ன ஷெட்டுகள் மூடிக்கொண்டே வந்தபோது எங்கள் ஷெட்டும் மூடியது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஆள் எடுத்தார்கள். ஆனால் தையல் மிஷினில் உட்காரப் பெண்களையும் இளவட்டங்களையும்தான் கேட்டார்கள். நாங்கள் வேலூருக்குக் குடிவந்தோம். என் மனைவி பீடி சுற்றினாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த அவளுடைய தங்கைதான் ஒருநாள் வந்து சொன்னாள்.

“மாமா, ஒரு வேலை கீது. யாரும் ஒரு வாரத்துக்கு மேல நிக்க மாட்டேன்றாங்க. நீ நிப்ப.”

“இன்னா வேலை?”

“மொதல்ல சேரு. அப்புறம் சொல்றேன்.”

ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மாவை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னிடம் அதிகம் கேட்கவில்லை.

“நாத்தம் தாங்குவீங்களா?”

“டேனரில இருந்தேன் மேடம்.”

அதற்கு மேல் கேட்க வைத்திருந்ததை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே மறுநாள் வரச் சொன்னார்.

டேனரியிலிருந்து நான் கொண்டுவந்தது மூக்கு மட்டும் இல்லை. அங்கே பச்சைத் தோல் வந்து இறங்கியதும் ஓரத்தில் துளை போட்டு அடையாளம் வைப்போம். யாருடைய தோல், எந்த லாட் என்பது அந்தத் துளையில் இருக்கும். அதன் பிறகு சுண்ணாம்பில் ஊறினாலும் பட்டைச் சாற்றில் கிடந்தாலும் ஒரு லாட் இன்னொரு லாட்டோடு கலக்காது. இங்கேயும் அப்படித்தான் செய்தேன். டப்பாவை வாங்கியதும் அந்த வீட்டு வாசலிலேயே, அந்த அம்மாவின் கண் முன்னாலேயே சீட்டு ஒட்டுவேன். ஒட்டிய பிறகுதான் அடுத்த வாசலுக்குக் கால் வைப்பேன். வழியில் எந்த டப்பாவையும் திறந்ததில்லை.

ஆனால் ஒன்று. எனக்கு அந்த வார்த்தை மட்டும் வாயில் வராது. பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஆம்பளை எப்படி அதைக் கேட்பது? “இருக்குதாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன்.

“இன்னா இருக்குதா? வாயத் தொறந்து சொல்லுண்ணா,” என்பார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அவர்கள் உள்ளே சிரிப்பது கேட்கும். பிறகு டப்பா வரும். எப்போதும் வந்துவிடும். என்னோடு வேலை பார்த்தவர்கள் பாதி வீட்டில் வெறும் டப்பாவோடு திரும்புவார்கள். நான் திரும்பியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எதற்காக இதெல்லாம் என்று மேடம் ஒருநாள் எங்களை உட்காரவைத்து விளக்கினார். பிள்ளைக்கு வயிற்றால் போனால் தெருவில் இருப்பவர்கள் பல் முளைக்கிறது என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள், குழாயில் சாக்கடை கலந்துவிட்டது என்பார்கள். நிஜத்தில் அதைக் கொண்டுவரும் கிருமிகள் பல. சின்னப் பிள்ளைகளை அதிகம் வாட்டுவது ரோட்டா வைரஸ். அதிலும் பல வகை உண்டு.

“எல்லாம் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா எந்த வீட்டுல இருந்து எந்த வீட்டுக்குப் போச்சு, இந்த ஊரோடதா, வெளியூர்ல இருந்து வந்ததா, அதெல்லாம் தெரியணும்னா அதோட மரபணுவ எழுத்து எழுத்தா படிக்கணும்,” என்றார். என் பக்கம் திரும்பி, “உங்க தோல்ல லாட் அடையாளம் வைப்பீங்கன்னு சொன்னீங்களே, அது மாதிரி கிருமிக்கு உள்ளயே ஒரு அடையாளம் கீது. தடுப்பு மருந்து செய்யறவங்களுக்கு இங்க எந்த லாட் சுத்துதுன்னு தெரிஞ்சாதான் நம்ம புள்ளைங்களுக்கு அது வேலை செய்யுமான்னு சொல்ல முடியும்,” என்றார்.

பிள்ளை நோயாகக் கிடக்கும்போது மட்டும் எடுத்தால் போதாது, நன்றாக இருக்கும்போதும் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். நன்றாக இருக்கிற பிள்ளையின் வயிற்றிலும் கிருமி சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போகலாமாம். அதனால் சில வாரங்களுக்கு ஒரு முறை எல்லா வீட்டிலும் டப்பா வாங்குவோம்.

அந்த மரபணுவில் இருக்கிற எழுத்துகள் நான்கே நான்கு. ஏ, சி, ஜி, டி. இங்கிலீஷில் எனக்கு மறக்காத எழுத்துகள் அவைதான். மிஷின் படித்ததைக் காகிதத்தில் அடித்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறத்தில் மேடு இருக்கும். பச்சை, நீலம், கறுப்பு, சிவப்பு. நாட்றம்பள்ளிப் பக்கமிருந்து பார்த்தால் ஏலகிரி தெரியுமே, அதுபோல மேடும் பள்ளமுமாக நீளமாகப் போகும்.

பீடி சுற்றும் அந்தத் தெருவின் நடுவில் ஒட்டி ஒட்டி இரண்டு வீடுகள். ஒன்றின் கதவு பச்சை. அங்கே இருந்தவளுக்கு ஒரு பெண் குழந்தை, அப்போது ஒரு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரன் ராணிப்பேட்டையில் லாரி ஷெட்டில் வேலை. அடுத்த வீட்டுக்கு வெளிப்புறம் மாடிப்படி இருக்கும். அங்கே ஒரு முஸ்லிம் பெண், அவளுக்கு ஒரு பையன், இந்தப் பெண்ணைவிடச் சில மாதம் சின்னவன். இரண்டு வீட்டுக்கும் பின்னால் குட்டைச் சுவர். அந்தச் சுவருக்கு மேல் நாள் முழுக்க ஏதாவது போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். குழம்புக் கிண்ணம், பீடி இலை, கத்தரிக்கோல், பால் பவுடர், சில நேரம் பிள்ளையே போகும். மாடிப்படி வீட்டுக்காரி, “அவ என் தோஸ்துண்ணா,” என்பாள். பச்சைக் கதவுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “தோஸ்தாம். நேத்து வாங்கின சக்கரைய இன்னும் தரல,” என்பாள்.

பச்சைக் கதவுக்காரிக்கு இதற்கு முன் ஒரு பிள்ளை பிறந்து, பேதி கண்டு போய்விட்டது. அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. மற்றவள் சொல்லித் தெரியும். அதனால்தான் ஆராய்ச்சியில் சேரும்போது கொடுத்த அட்டையை அவள் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தாள். அந்த அட்டை இருந்தால் பிள்ளைக்கு எது வந்தாலும் எங்கள் டாக்டர்கள் உடனே பார்ப்பார்கள்.

ஒரு நாள் ஐஸ் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பும்போது, மிஷின் ஓட்டும் டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டார். படித்த இளைஞர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை சார் என்பேன். இரண்டு காகிதங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“பாருண்ணா. எங்கயாவது வித்தியாசம் தெரியுதா?”

மேடெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்திருந்தன. தெரியவில்லை என்றேன்.

“அதான் பேஜாரு. இது மாடிப்படி வீட்டுப் பையனோடது, அவனுக்கு வயித்தால போவுதுன்னு நீ கொண்டாந்தது. இது பச்சைக் கதவு வீட்டுப் பொண்ணோடது. அது நல்லாத்தான் கீதுன்னு சொன்ன. ரெண்டும் ஒரே நாள் காலையில வந்த டப்பா.”

“பக்கத்து வீடு சார். கிருமி தாண்டியிருக்கும்.”

“தாண்டும். தாண்டுனா கிருமிதான் ஒன்னா இருக்கும். இங்க பாரு.” சில இடங்களில் ஒரே இடத்தில் இரண்டு நிற மேடு ஒன்றுக்குள் ஒன்றாக எழுந்திருந்தது. “பையன் வயித்துல ரெண்டு வகைக் கிருமி கலந்து கீது. அந்தப் பொண்ணுதுலயும் அதே ரெண்டு வகை, அதே அளவுல. அதுவும் தண்ணியா கீது. நல்லா கீற புள்ள இப்படிப் போவுமா?”

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் அவர் மனசில் இருந்தது எனக்குப் புரிந்தது. ஒரு டப்பாவை வாங்கி, இரண்டாவது வீட்டுக்குப் போகச் சோம்பல்பட்டு, வழியில் பாதியை இன்னொரு டப்பாவில் போட்டுவிட்டேன் என்பது.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். டெக்னீஷியனும் இருந்தார்.

“நான் கலக்கல மேடம்,” என்றேன். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியது எனக்கே புதிதாக இருந்தது.

“கலந்தீங்கன்னு சொல்லல. எப்படி ஒன்னாச்சுன்னு கேக்கறேன். முதல்ல எங்க மேலதான் சந்தேகப்பட்டோம். டப்பாவுல இருந்து மறுபடி எடுத்து, மறுபடி படிச்சாச்சு. அதேதான் வருது. தப்பு இங்க நடக்கல.”

“அப்ப வெளியில நடந்துச்சுன்றீங்க.”

“தெரியல. ஆனா தெரியாம விட முடியாது. அந்தத் தெருவுல இருந்து வந்தது எல்லாமே நீங்க கொண்டாந்தது. ஒரு டப்பாவ நம்ப முடியலன்னா மீதிய எப்படி நம்பறது? சனிக்கிழமை மீட்டிங்ல நான் ஒரு முடிவு சொல்லணும். எல்லாத்தையும் தள்ளி வைக்கச் சொன்னா தள்ளி வைக்கத்தான் வேணும்.”

வேலை போவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் நினைக்கவில்லை. நினைத்தது அந்தப் பெரிய ஃப்ரீசரைத்தான். அதில் ஒரு தட்டு முழுக்க நான் வெயிலிலும் மழையிலும் கொண்டுவந்து சேர்த்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒரு பிள்ளையுடையது. அத்தனையும் குப்பைக்குப் போகும்.

“தெரிஞ்சுக்க வழியே இல்லையா மேடம்?”

“ஒன்னு கீது. டப்பாவுல கிருமி மட்டும் இல்ல, புள்ளையோட சொந்த அணுவும் கொஞ்சம் கலந்து வரும். ரெண்டு புள்ளைங்க வாயையும் பஞ்சால தொடச்சு எடுத்து ஒப்பிட்டா, எந்த டப்பா எந்தப் புள்ளையோடதுன்னு சொல்லிடலாம். ஆனா அது புள்ளையோட மரபணு. அம்மா சம்மதிக்காம தொட மாட்டேன்.”

“சம்மதிப்பாங்க மேடம். நான் கேக்கறேன். சனிக்கிழமைக்குள்ள பண்ணிடுங்க,” என்றேன்.

எனக்கு அத்தனை நம்பிக்கை. ஒரு டப்பா பையனுடையது, மற்றது பெண்ணுடையது என்று வரும், விஷயம் முடிந்துவிடும். சைக்கிளை அன்று கொஞ்சம் வேகமாகவே மிதித்தேன்.

மாடிப்படி வீட்டுக்காரிதான் முதலில் இருந்தாள். படியில் உட்கார்ந்து மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருபோதும் பதில் தாமதிக்காத அவள், கையில் இருந்த பீடியை நூல் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அவளக் கேட்டுக்கண்ணா. அவ சரின்னா நானும் சரி,” என்றாள்.

பச்சைக் கதவுக்காரி வாசலுக்கு வந்து கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவள், வாயைத் துடைக்கும் பஞ்சைப் பற்றிச் சொன்னதும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வேணாம்ணா.”

அந்தத் தெருவில் யாரும் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“வலிக்காதும்மா. பஞ்சுதான்.”

“வலிக்கறதுக்குச் சொல்லல. எம் புள்ளைய அட்டையில இருந்து எடுத்துடுவாங்க.”

“எதுக்கு எடுக்கறாங்க?”

வீட்டுக்குள்ளிருந்து, பின்பக்கச் சுவருக்கு மேலாக மற்றவளின் குரல் வந்தது.

“சொல்லிடுடி. ஒரு கரண்டிதான. கொலையா பண்ணோம்?”

அதற்குப் பிறகு அவள் சொன்னாள். முகத்தைக் கதவு நிலையில் சாய்த்துக்கொண்டு சொன்னாள். அந்தக் குழந்தை தினமும் போகிற குழந்தை இல்லை. இரண்டு நாளுக்கு ஒரு தரம், மூன்று நாளுக்கு ஒரு தரம். அன்று நான் வந்து நின்றபோது எதுவும் இல்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் டப்பாவோடு பின்பக்கம் போனாள்.

“நீ வெயில்ல நிக்கிற. இல்லன்னு சொல்லி எப்படி அனுப்பறதுண்ணா? ஊட்டு வாசல்ல வந்து ஒன்னு கேட்டவர வெறுங்கையா அனுப்பிப் பழக்கம் இல்ல. இவ புள்ளைக்கு அன்னைக்குக் காலையில இருந்து போவுது. இருக்குதான்னேன். இருக்குதுன்னா. கரண்டியில எடுத்துக் குடுத்தா.”

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். அப்போது வரவில்லை. நான் ஆசையாகக் கேட்டுவந்த சோதனை என்ன சொல்லும் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. இரண்டு டப்பாவும் ஒரே பிள்ளையுடையது என்று சொல்லும். பாதியாகப் பிரித்தவன் நான்தான் என்று ஆகிவிடும்.

அதையும் அவளிடம் அப்படியே சொன்னேன். மறைத்துக் கையெழுத்து வாங்குவது சரியாகப் படவில்லை.

“அப்ப நீ மாட்டிக்குவ,” என்றாள்.

“நான் மட்டும் இல்லம்மா. இந்தத் தெருப் புள்ளைங்களோடது எல்லாம் போவும். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க.”

“நீயே போய்ச் சொல்லேன், இந்த மாதிரி இந்த மாதிரின்னு.”

“நான் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னு நெனைப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீதான் சொல்லணும். சொல்லுன்னு நான் கேக்கல. அட்டைய எடுப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன்.”

அவள் உள்ளே திரும்பி ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். நான் கிளம்பிவிட்டேன். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்தாள். பிறகு, “அவ வரமாட்டா. நானா இருந்தாலும் வரமாட்டேன். புள்ளைய ஒரு தடவை தூக்கிக் குடுத்தவ,” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் பயமாக இல்லை. நான் கலக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அது யாருக்கும் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரிந்தது தெரிந்ததுதான்.

சனிக்கிழமை மேடம் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டெக்னீஷியன் டீ வாங்கிக் கொடுத்தார். இருவரும் எதிரும் புதிருமாகக் குடித்தோம். அப்போது வராண்டாக் கடைசியில் ஒரு பழக்கமான குரல் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது.

“டப்பா மேடம்னா தெரியாதா? இத்தாம்பெரிய ஆஸ்பத்திரி கட்டி வச்சிருக்கீங்க, டப்பா மேடம் எங்கன்னு தெரியலன்ற?”

மாடிப்படி வீட்டுக்காரி புர்காவோடு முன்னால் வந்தாள். பின்னால் பச்சைக் கதவுக்காரி, விசேஷத்துக்குக் கட்டும் புடவையில். இருவர் இடுப்பிலும் பிள்ளை. பச்சைக் கதவுக்காரியின் கையில் அந்த அட்டை.

மேடம் எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். பச்சைக் கதவுக்காரி உட்காரவில்லை. அட்டையை மேசைமேல் வைத்தாள்.

“அவரு மேல தப்பு இல்ல மேடம். எங்க ஊட்டுல அன்னைக்கு இல்ல. இவ ஊட்டுல இருந்துச்சு. வாங்கிக் குடுத்தேன்.”

“எத வாங்கிக் குடுத்தீங்க?” என்றார் மேடம்.

“அதத்தான்,” என்றாள் மற்றவள். “ஒரு கரண்டி. நான்தான் குடுத்தேன். செவுத்து மேல.”

டெக்னீஷியன் எழுந்து வெளியே போய்விட்டார். வராண்டாவில் அவர் இருமுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மேடம் பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“காபித்தூள் வாங்கற மாதிரி வாங்கியிருக்கீங்க.”

“காபித்தூள்னா திருப்பித் தரணும் மேடம்,” என்றாள் மாடிப்படி வீட்டுக்காரி. “இது எனக்குத் திருப்பி வேணாம்.”

அதற்கு மேல் மேடத்தால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அவரு எப்படியாவது குடுங்கன்னு கேட்டாரா?” என்றார்.

“அவரு எங்க கேட்டாரு? அவருக்கு வாயே கிடையாது. வந்து செவுத்தப் பாத்துக்கினு நிப்பாரு. கோயில்ல நிக்கிற மாதிரி. பாக்கறவங்களுக்குத்தான் பாவமா போவும்,” என்றாள் பச்சைக் கதவுக்காரி. சொல்லிவிட்டு அட்டையைப் பார்த்தாள். “இத வாங்கிக்கறீங்களா மேடம்?”

மேடம் அட்டையை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“நீங்க வந்து சொல்லலன்னா, நல்லா கீற புள்ள வயித்துலயும் இந்தக் கிருமி இருந்துச்சுன்னு நான் எழுதியிருப்பேன். அத நம்பி இன்னொருத்தர் இன்னொன்னு எழுதியிருப்பார். அட்டை உங்க புள்ளையோடது. யாரும் எடுக்க மாட்டாங்க. ஆனா இனிமே இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. இல்லன்றதும் எனக்கு ஒரு விவரம்தான். நாளைக்கு வந்தா போச்சு.”

அன்றே இரண்டு பிள்ளைகளின் வாயையும் பஞ்சால் துடைத்து எடுத்தார்கள். அவள் சொன்னபடியே வந்தது. இரண்டு டப்பாவும் பையனுடையவை. ஆனால் மேடம் அதோடு விடவில்லை. அவரே தெருவுக்கு வந்து, குழாயடியில் பெண்களைக் கூட்டிவைத்து, யார் யார் கைமாற்று வாங்கினீர்கள் என்று கேட்டார். ஒருத்தி தன் மூத்த பிள்ளையுடையதைக் கொடுத்ததாகச் சொன்னாள். “சின்னதோடது தண்ணியா நாறுச்சு. அத எப்படி ஒருத்தர் கையில குடுக்கறது? நல்லதா பாத்துக் குடுத்தேன்,” என்றாள். இன்னும் சிலர் ஒத்துக்கொண்டார்கள். அந்த டப்பாக்களைத் தனியே எடுத்துவைத்தார்கள். மீதியில் அங்கங்கே எடுத்து, அம்மாக்களின் சம்மதத்தோடு சோதித்தார்கள். எல்லாம் சீட்டில் இருந்த பிள்ளையுடையவையாகவே இருந்தன. என் தட்டு ஃப்ரீசரில் அப்படியே இருந்தது.

அடுத்த முறை பச்சைக் கதவுக்கு முன்னால் போய் நின்றபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வழக்கம்போல, “இருக்குதாம்மா?” என்றேன். ஆனால் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. அவளைப் பார்த்தே நின்றேன். அவள் வெறும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்வதற்குப் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

“இல்லண்ணா.”

“சரிம்மா.”

“நாளைக்கு வர்றியா?”

“வர்றேன்.”

திரும்பி நாலடி வைத்திருப்பேன். “இருண்ணா,” என்று உள்ளே ஓடினாள். பின்பக்கம் அவள் தோஸ்தைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எனக்குத் திக்கென்றது. வெளியே வந்து என் கையில் ஒரு கொய்யாப் பழத்தை வைத்தாள். மாடிப்படி வீட்டில் கொய்யா மரம் இருந்தது. அன்று முதல்முறையாக வெறும் டப்பாவோடு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். கொய்யாவை நானும் டெக்னீஷியனும் பாதி பாதியாகச் சாப்பிட்டோம்.

மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கியபோது மாடிப்படி வீட்டுப் பையனுக்கு மறுபடியும் வயிற்றால் போனது. சில நாள் கழித்துப் பச்சைக் கதவு வீட்டுப் பெண்ணுக்கும் ஆரம்பித்தது. நான் போகும்போது குழந்தை துவண்டு கிடந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் நேரத்தை வீணாக்கவில்லை. அட்டையை எடுத்து இடுப்பில் செருகியிருந்தாள். உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவும் தயாராக இருந்தது. நான் சீட்டு ஒட்டினேன். ஆட்டோ பிடித்து அவர்களை ஏற்றிவிட்டு, பின்னாலேயே சைக்கிளில் போனேன். டாக்டர்கள் பார்த்தார்கள். இரண்டு நாளில் குழந்தை எழுந்து உட்கார்ந்து பொரை பிஸ்கட் கேட்டது.

பிறகு ஒரு நாள் டெக்னீஷியன் மறுபடி இரண்டு காகிதங்களை ஜன்னலில் வைத்துப் பிடித்தார். இந்த முறை அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

“ரெண்டும் ஒரே கிருமிண்ணா. இந்த வாட்டி அதுவே செவுத்தத் தாண்டியிருக்குது. ஆனா இங்க பாரு.”

விரலை வைத்துக் காட்டினார். எல்லா மேடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் பையனுடையதில் பச்சை, பெண்ணுடையதில் கறுப்பு. தாண்டுகிற வழியில் கிருமி ஒரே ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் அணுவையும் பார்த்தார்களாம். இரண்டும் வேறு வேறு பிள்ளைகள். மேடம் அதைத் தன் கட்டுரையில் சேர்த்துக்கொண்டார். அந்தத் தாயிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று என்னை அனுப்பினார்.

போனேன். குழந்தை வாசலில் பீடி இலைக் கட்டைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அவள் அதட்டிக்கொண்டே சேகரித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம் சொல்லச் சொன்னாங்கம்மா. அந்த டப்பா உன் புள்ளையோடதேதான். கிருமிதான் பக்கத்து ஊட்டுல இருந்து வந்துச்சாம்.”

அவள் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பின்ன? இந்த வாட்டியும் கைமாத்தா வாங்கினேன்?” என்றாள். பிறகு பின்பக்கம் திரும்பி, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, “அடியே, சக்கரைதான் தர மாட்ட, இத மட்டும் கேக்காமயே குடுத்துட்டியா?” என்றாள்.